ஏழாம் நம்பர் தேறிவிட்டாள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டால் பச்சை விளக்கு எரியும்.

பிள்ளை என்றால் நிஜப் பிள்ளை இல்லை, நகல். இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தையை வருடம் முழுக்கப் படம் பிடித்து, அதன் பேச்சு, முழி, தடுமாற்றம், கொட்டாவி எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டிச் செய்தது. அப்படிச் சில நகல்கள் எங்களிடம் உண்டு. பெயர் வைக்கவில்லை, நம்பர்தான். அவர்களிலேயே படிப்பு மெதுவாக ஏறுகிறவள் ஏழாம் நம்பர். அவளுக்குப் பச்சை எரிகிற வரை பாடத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். எரிந்ததும் அது மாநிலம் முழுக்க டேப்லெட்டுகளில் போய் இறங்கும். ஏழுக்கே புரிந்துவிட்டால் எல்லாருக்கும் புரியும் என்பது எங்கள் ‘படிக்கட்டு’ நிறுவனத்தின் கணக்கு. தோற்ற பாடங்களை அவள் நினைவிலிருந்து அழித்துவிடுவோம். தேறியவை மட்டும் அவளிடம் தங்கும்.

என் வேலை பாடங்களை வடிவமைப்பது. யாரிடம் சொன்னாலும் விளங்காத வேலை. டீச்சரா என்பார்கள், இல்லை. கம்ப்யூட்டர் வேலையா என்பார்கள், அதுவும் இல்லை. என் மாமியார் கண்ணை மூடுகிற வரை நான் டேப்லெட் விற்கிறேன் என்றே நினைத்திருந்தார். டேப்லெட், நகல், விளக்கு எல்லாம் பஸ் மாதிரி. பஸ் எந்த ஊருக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த மேட்டில் மெதுவாக ஏற வேண்டும் என்று ரூட் போடுகிறவள் நான். புது பஸ் வந்த சந்தோஷத்தில் ரூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது சொல்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு விதி இருந்தது. பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்து காட்டுவாள் என்பதை முதலில் எழுத வேண்டும். ‘புரிந்துகொள்வாள்’ என்று எழுதினால் என் முதல் மேலதிகாரி அடித்துவிடுவார். புரிவதை யாரம்மா கண்ணால் பார்த்தது, செய்வதை எழுது என்பார். பிறகு பச்சை விளக்கு வந்தது. புரிவதையே இனிக் கண்ணால் பார்க்கலாம் என்றார்கள். அந்த மேலதிகாரியும் ஓய்வு பெற்றுவிட்டார், விதியும் போயிற்று.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிவில் ஒரு தாள் பரீட்சை. தேறியவர்கள் பாடப் பிரிவு. தேறாதவர்கள் திறன் பிரிவு. அங்கே கணக்கு, அறிவியல் எல்லாம் அதோடு நின்றுவிடும், கைத்தொழில்தான். மேல்முறையீட்டில் ஜெயித்தாலொழியத் திரும்பி வர வழியில்லை. மூன்றில் ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முன்பென்றால் பாடம் சரியில்லை, வாத்தியார் சரியில்லை என்று சண்டை நடக்கும். இப்போது அது கிடையாது. ஏழுக்கே புரிந்த பாடம் உனக்குப் புரியவில்லை என்றால் குறை உன்னிடம்தான். டியூஷனுக்கு வழியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். அவர்களையும் ‘படிக்கட்டு’ தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

போன ஏப்ரலில் ஜெரால்ட் என் மேசைக்கு வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என் மேலதிகாரி. தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவன். நல்லவன்தான், அதுதான் அவனிடம் எரிச்சல்.

“பிரபாக்கா, மேல்முறையீடு வருது. செல்லூர்ல ஒரு பொண்ணு. கம்பெனி சார்பா யாராவது போய் ஒரு தடவை பாடத்தைப் போட்டுக் காட்டி, பாடம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லணும்.”

“அதுக்கு நான்தான் கெடச்சேனா?”

“மத்தவங்கள்லாம் லீவு போட்டுட்டாங்கக்கா.”

வேறு யாரும் போகாத இடத்துக்கு எல்லாம் நான்தான் போவேன் என்பது அலுவலகத்தில் எழுதாத சட்டம். போனேன்.

பள்ளியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் கொடுத்தார்கள். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. பெண்ணின் பெயர் கனிஷ்கா. அம்மா பாண்டிமீனா, நைட்டி தைக்கும் யூனிட்டில் அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“எப்படியாச்சும் இவளப் பாடப் பிரிவுல சேத்து விட்ருங்க மேடம். அங்கிட்டுப் போனா என்னய மாதிரி மெஷின்லதான் உக்காரணும். வேற எதுவும் நான் கேக்கல.”

பின்னங்கள் பாடத்தைப் போட்டேன். யானை ஒன்று கேக் வெட்டும். அதில் வரும் கார்ட்டூன் டீச்சர் மலர் மிஸ் கைதட்டுவாள். எல்லாம் நான் எழுதியதை ஏழுக்காகச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் மிஞ்சியது. கனிஷ்கா சிரித்துக்கொண்டே பார்த்தாள். பாடம் முடிந்தது.

“புரிஞ்சுதாம்மா?”

“புரிஞ்சுது மிஸ்.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ‘மிஸ்’ஸைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் லேசாக மூச்சு விட்டு முடிக்கிற விதம். மூன்று வருடமாக வாரத்தில் ஐந்து நாள் ஒலிபெருக்கி வழியாக அதைக் கேட்டு வருகிறேன். என் மகளின் குரலைக்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்.

“ரெண்டாம் கிளாஸ்ல இவ வகுப்புல கேமரா வச்சாங்களா?”

“ஆமா மேடம், வச்சாய்ங்க,” என்றாள் பாண்டிமீனா. “ஏதோ ஆராய்ச்சின்னாய்ங்க. கையெழுத்து வாங்கிட்டு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தாய்ங்க. ஏன் மேடம்?”

ஒன்றுமில்லை என்றேன். பிறகு கனிஷ்காவிடம் கேட்டேன். “மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?”

“நாலுல ஒண்ணு மிஸ்.”

“ஏன்?”

“நாலுதான மிஸ் பெருசு.”

“அப்பப் பாடம் புரியலையே. புரிஞ்சுதுன்னு சொன்னியே.”

அவள் அம்மாவைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள்.

“புரியலன்னா மிஸ் திரும்பச் சொல்வாங்க. திரும்பவும் அதையேதான் சொல்வாங்க. எல்லாரும் என்னயவே பாப்பாங்க. புரிஞ்சுதுன்னா மிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போயிருவாங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதே நினைப்பு.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனதும் ஏழாம் நம்பரைத் திறந்தேன். பின்னங்கள் அவள் என்றோ தேறிய பாடம். பச்சை எரிந்துகொண்டிருந்தது. பாடத்துக்கு வெளியே அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதற்கு நேரமும் இல்லை. மைக்கை இழுத்துக் கேட்டேன். மூணுல ஒண்ணா, நாலுல ஒண்ணா?

“நாலுல ஒண்ணு மிஸ்,” என்றாள் ஏழு. விளக்கு பச்சையாகவே இருந்தது.

ஜெரால்டைக் கூப்பிட்டு அவன் முன்னால் இன்னொரு முறை கேட்டுக் காட்டினேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“புரிஞ்சா பச்சைன்னு இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?” என்றேன்.

“வகுப்புல எடுத்த படத்துலேர்ந்துதான்க்கா. பிள்ளைங்க ‘புரிஞ்சுது மிஸ்’னு சொல்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்தோம். அந்த நேரத்துல முகம் எப்படி இருக்கோ, அதுதான் புரிஞ்ச முகம்னு குடுத்தோம்.”

“நீ ஸ்கூலுக்கே போனதில்லையா ஜெரால்ட்?”

“போனேன்.”

“புரியாமலே எத்தனை தடவை புரிஞ்சுதுன்னு சொல்லிருப்ப?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “வகுப்பே சேந்து சொல்லும்க்கா,” என்றான்.

“அப்ப இந்த விளக்கு எதைக் காட்டுது? மிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போன நிம்மதிய. இத்தனை வருஷமா அந்த நிம்மதி வர்ற வரைக்கும் பாடத்தை வெட்டிக்கிட்டே இருந்திருக்கோம். சீக்கிரம் முடியற பாடம், சிரிப்புக் காட்டற பாடம். பிள்ளை சந்தோஷமா இருக்கும், ஒண்ணும் தெரியாது. அப்புறம் பரீட்சையில தோத்தா நீதான் மண்டுன்னு அந்தப் பக்கம் அனுப்பறோம். இந்த நகல் யாருன்னு தெரியுமா? மேல்முறையீட்டுக்கு வந்திருக்கே, அதே பொண்ணு. அவ நகல் தேறின பாடத்துல அவ தோத்திருக்கா.”

ஜெரால்ட் கோபமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் குரல் தாழ்ந்துதான் வந்தது.

“என் அக்கா பையன் போன வருஷம் அந்தப் பக்கம் போயிட்டான். அக்கா இன்னும் என்கிட்ட முகங்கொடுத்துப் பேசறதில்ல. நீங்க சொல்றது சரின்னே வைங்க. இப்ப வெளிய சொன்னா, இத்தனை வருஷம் பிரிச்சு அனுப்பின பிள்ளைங்க எல்லாருக்கும் யார் பதில் சொல்றது? ஒரே நாள்ல கம்பெனிய மூடிருவாங்க, சரி. மூடினா அந்தப் பிள்ளைங்க திரும்பி வந்துருவாங்களா?”

“வர மாட்டாங்க. ஆனா இந்த ஒரு பொண்ணு?”

“நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்க்கா. விசாரணைக்குப் போயி உக்காந்துட்டு வந்தாப் போதும்.”

ஜெரால்ட் பார்த்துக்கொள்கிறேன் என்றால் மீட்டிங் போடுவான் என்று அர்த்தம். நான் நம்பவில்லை. மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. தாள் கொடுத்துக் கேள்வி கேட்பதுதான் அங்கே வழக்கம். பிள்ளை எழுதினால் சரி, எழுதாவிட்டால் எங்கே தடுக்குகிறது என்று வாயால் சொல்ல விடுவார்கள். எங்கே தடுக்குகிறது என்று ஒரு பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால் குறை பாடத்தில்தான் என்று நான் எழுந்து வாதாடலாம். என் பிழைப்பில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல ஆயுதம் அது.

சாயங்காலங்களில் செல்லூருக்குப் போனேன். கனிஷ்காவுக்குக் கணக்கு சொல்லித் தருவது ரெண்டாம்பட்சம். ‘புரியல’ என்று சொல்ல வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கெட்ட வார்த்தை சொல்லச் சொன்ன மாதிரி வாயைப் பொத்திக்கொள்வாள். நான் அவளுக்கு ஒரு வேலை வைத்தேன். பாடத்தைப் பார், எந்த இடத்தில் விட்டுப் போகிறதோ அந்த இடத்தில் நிறுத்து, நிறுத்தினால் உன் கட்சி ஜெயித்தது, என் கட்சி தோற்றது.

ரெண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பாதியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

“இந்த யானை கத்திய வைக்கிதுல்ல மிஸ், அதுக்கு முன்னாடி கேக்கு ஒண்ணுதான இருந்துச்சு. அப்புறம் ஏன் நாலுன்னு எழுதறாங்க? அது புரியல.”

அதுதான் இடம். நான் முதலில் எழுதியபோது அங்கே ஒரு முழுப் பக்கம் வைத்திருந்தேன். ஏழுக்குக் கொட்டாவி வருகிறது என்று எடுத்துவிட்டார்கள். பாண்டிமீனா கடையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தாள். ஒன்றை மூன்று பேருக்குப் பிய்த்தோம், ஒன்றை நான்கு பேருக்குப் பிய்த்தோம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு ஆள் கணக்கைச் சரிக்கட்டினோம். கனிஷ்கா ரெண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்தாள்.

“ஐயே, ஆளு கூடினா பங்கு சிறுசாகும். இதானா மிஸ்?”

“இதான்.”

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எல்லாப் பாடத்திலும் நிறுத்தத் தொடங்கினாள். இது புரியல மிஸ், இது ஏன் மிஸ் என்று ஓயாமல் கேட்டாள். பாண்டிமீனாவே அலுத்துக்கொண்டாள்.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் விசேஷத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் கழுத்து வலிக்குப் பட்டை போட்டிருந்த பெரியவர், பார்க்கவே பாவமாக இருந்தார். எனக்குச் சாட்சிகளின் வரிசையில் நாற்காலி. பேசும் முறை வரும் வரை எழுந்திருக்கக் கூடாது என்றார்கள்.

மேடையில் தாள் இல்லை, பேனா இல்லை. ஒரு டேப்லெட், மேலே கேமரா, பக்கத்தில் எங்கள் பச்சை விளக்கு.

முதலில் ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். தசமப் புள்ளி பாடம் ஓடியது. புரிந்ததா என்று தலைவர் கேட்டார். “புரிஞ்சுது சார்,” என்றான். விளக்கு எரிந்தது. பாடப் பிரிவு என்று எழுதினார்கள். அடுத்து ஒரு பெண். அவளுக்கும் எரிந்தது. வந்த பிள்ளைகள் ஒன்று விடாமல் தேறினார்கள்.

அப்போதுதான் ஜெரால்ட் போனில் வந்தான். குரலில் அத்தனை குதூகலம்.

“அக்கா, பாத்தீங்களா? மீட்டிங்ல பேசி விளக்கையே அங்க வைக்கச் சொல்லிட்டேன். கம்பெனிக்கும் பெருமை, அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. பிள்ளைங்க எப்பவும் போலச் சொல்லுவாங்க, எல்லாரும் தேறிருவாங்க. உண்மையச் சொல்லாமலே அத்தனை பேரையும் காப்பாத்திரலாம். உங்க பொண்ணும் தேறிரும்.”

“ஏன்டா என்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்றேன்.

“சொன்னா நீங்க வேணாம்பீங்க.”

மேடையில் கனிஷ்கா உட்கார்ந்துவிட்டிருந்தாள். புதிதாக எண்ணெய் வைத்துப் பின்னிய ரெட்டை ஜடை. பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாதி எழுந்தேன். காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கனிஷ்கா என்னைப் பார்த்தாள். இன்றைக்கு நிறுத்த வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, பயப்படாதே என்று சொல்வதாக நினைத்திருப்பாள். சிரித்தாள்.

“புரிஞ்சுதாம்மா?” என்றார் தலைவர்.

“புரியல சார்.” குரல் கணீரென்று வந்தது. “புள்ளிக்கு அந்தப் பக்கம் போனதும் பத்துன்னு சொல்றாங்க. ஏன் பத்துன்னு சொல்லவே இல்ல. அந்த இடத்துல விட்டுப் போச்சு.”

விளக்கு எரியவில்லை.

நான் எழுந்து பேசினேன். யார் தடுத்தும் நிறுத்தவில்லை. விளக்கு எதைப் பார்க்கிறது என்று சொன்னேன். அவள் சொன்ன இடத்தில் பாடம் உண்மையிலேயே ஓட்டை என்று சொன்னேன். ஏழாம் நம்பர் இவளுடைய நகல்தான் என்பதையும் சொன்னேன், வேலை போனால் போகட்டும் என்று. தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“நகல் தேறிருக்குன்னா இவளுக்குப் புரியற மூளை இருக்கு. முயற்சிதான் இல்லன்னு ஆகுது. அது இன்னும் மோசம் மேடம். விளக்கும் இல்லங்குது, பிள்ளையும் தன் வாயால இல்லங்குது. இதுக்கு மேல நாங்க என்ன பண்றது?” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு திறன் பிரிவு என்று எழுதினார்.

வெளியே வாழைமரத்தடியில் பாண்டிமீனா நின்றாள். அழவில்லை.

“நீங்கதான மேடம் உண்மையச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்தீங்க,” என்றாள். “எம் புள்ள எப்பவும் போல இருந்திருந்தா உள்ள போயிருப்பா. மொதல்ல தேறுனானே, அந்தப் பையனுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம், எங்க தெருதான் அவன்.”

மன்னிச்சுக்கோம்மா என்றேன். கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கரெக்டா நிறுத்தினேன்ல மிஸ்?” என்று கேட்டாள். கரெக்டாகத்தான் நிறுத்தினாய் என்றேன். அதைத் தவிர அன்றைக்கு நான் சொன்ன வேறு எந்த வார்த்தைக்கும் மதிப்பில்லை.

என் வேலை போகவில்லை. நான் மண்டபத்தில் பேசியதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் காரணம். ராஜினாமா எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மகளின் காலேஜ், வீட்டு லோன், முதுகு வலி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எழுதவில்லை. அசதி என்றால் உடம்பில் வருவது என்று நினைத்திருந்தேன், அது வேறு எங்கேயோ வருகிறது.

ஜூன் மாதம் ஜெரால்ட் வந்து சொன்னான். முன்போலக் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை இப்போது.

“ஆறாம் வகுப்புப் பாடம் ஆரம்பிக்கணும்க்கா. ஏழாம் நம்பரை மேல ஏத்தியாச்சு. அஞ்சாம் வகுப்பு எல்லாத்துலயும் தேறிட்டாள்ல.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன்.

“வணக்கம் மிஸ்,” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “நான் ஆறாம் கிளாஸ் வந்துட்டேனா மிஸ்?” என்று கேட்டாள்.

“வந்துட்டம்மா.”

“பாடப் பிரிவா?”

“ஆமா.”

“எங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?”

சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் என்றும் சொன்னேன். பிறகு அல்ஜீப்ராவின் முதல் பாடத்தைத் தொடங்கினேன்.